நெல்லைக் கடற்கரையில் ஒலி நிறுவல் அமைக்க வருகிறீர்களா? படிப்படியான வழிகாட்டி

ஒலி நிறுவல் மேடைக் கச்சேரியும் அன்று, வானொலி நிகழ்ச்சியும் அன்று. ஓர் இடத்தில் சிறு ஒலிபெருக்கிகளைப் பரப்பி வைத்து, பதிவு செய்த ஒலிகளை அவற்றின் வழியே ஓடவிட்டு, வருபவர் தம் விருப்பம்போல் நடந்தும் உட்கார்ந்தும் கேட்கும்படி அமைப்பது. ராதாபுரம் பக்கத்துக் கடற்கரையையும் அதற்கு உள்ளே இருக்கும் பனங்காட்டையும் வைத்து இப்படி ஒன்றை அமைக்க எனக்கு ஐந்து மாதம் ஆகும் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஆனது. கூடுதலான ஆறு மாதமும் கலைக்காகச் செலவானவை அல்ல. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு, கேட்க மறந்த சம்மதம், காற்று தின்றுவிட்ட பதிவுகள் ஆகியவற்றில் போனவை. இந்த வரிசையைப் பின்பற்றினால் உங்களுக்கு அந்த ஆறு மாதம் மிஞ்சும்.

1. முதல் மாதம் கருவி இல்லாமல் போங்கள்

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தென்குழி, கூட்டப்பனை, உவரி என்று நீளும் இந்தக் கரையில் எந்த ஊரானாலும், முதல் நாளே ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்காதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கும் கரை இது. நீளமான கம்பில் ரோம உறை போட்ட ஒலிவாங்கியோடு ஒரு வெளியூர்க்காரர் நின்றால், ஊர்க்காரரும் விசாரிப்பார்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினரும் விசாரிப்பார்கள். இரு தரப்புக்கும் அதற்கு நியாயம் உண்டு. என்னை ஒரு கரையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள், கையில் ஒரு கடிதமும் இல்லாத காரணத்தால். அணுமின் நிலையத்தின் சுற்றுவட்டத்தைப் பதிவுத் திட்டத்திலிருந்தே விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான கரையூர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. காலைத் திருப்பலி முடிந்தபின் ஊரில் எல்லோரையும் பார்க்கலாம் என்பதால் உங்கள் முதல் நான்கு பயணங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தை, அவருக்கு உதவும் உபதேசியார், ஊர்க் கமிட்டியினர் ஆகியோரை இந்த வரிசையிலேயே பாருங்கள். உங்கள் எண்ணத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். மடிக்கணினியைத் திறந்து படம் காட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

2. எல்லைகளைச் சரிபாருங்கள்

எனக்கு ஐந்து வாரத்தைத் தின்ற பொறி இது. தூத்துக்குடி 1986ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. உவரி திருநெல்வேலி மாவட்டம்; அங்கிருந்து கரையோரமாகக் கொஞ்சம் வடக்கே போனால் வரும் பெரியதாழையும் அதற்கப்பால் மணப்பாடும் தூத்துக்குடி மாவட்டம். மக்கள் பேச்சில் எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதான், ஆனால் மனு வாங்குகிற மேசை வேறு. செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் பெரும்பகுதியும் தூத்துக்குடி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. கடலும் தேரியும் சேர்ந்த ஒரு நிறுவல் என்றால் இரண்டு மாவட்டங்களிலும் தனித்தனியாக மனு கொடுக்க நேரும்.

திருச்சபை எல்லை இதிலிருந்து வேறு. உவரி, இடிந்தகரை போன்ற ஊர்கள் வருவாய்க் கணக்கில் திருநெல்வேலி மாவட்டமாக இருந்தாலும், அவற்றின் பங்குகள் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆலய வளாகத்தில் எதையாவது வைக்க எண்ணினால் பாளையங்கோட்டை மறைமாவட்டத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் பங்குத்தந்தையைக் கேட்டால் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.

3. சம்மதம்: ஊருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

ஊர்க் கமிட்டி தரும் சம்மதம் கரையில் நடமாடுவதற்கு மட்டுமே. ஒருவருடைய குரலுக்கு அது சம்மதம் ஆகாது. கரையில் நின்று இழுக்கும் பெருவலையான கரைமடியை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஊருக்கெல்லாம் பொதுவானது என்றாலும், பாடுகிறவருக்கு அவருடைய பாடலின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்கு அளிக்கிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனித் தாள் வாங்குங்கள். அதில் எந்தப் பதிவு, எந்த இடத்தில், எத்தனை நாள் ஒலிக்கும், இணையத்தில் ஏறுமா, எவ்வளவு பணம் தருகிறீர்கள், பின்னால் வேண்டாம் என்றால் எப்படி நீக்குவீர்கள் என்பவை இருக்க வேண்டும். தாளை வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் வாங்கிக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு படி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

ஒப்பாரி விஷயத்தில் இதுவும் போதாது. நான் ஒரு மூதாட்டியிடம் முறையாகச் சம்மதம் வாங்கி ஒப்பாரி ஒன்றைப் பதிவு செய்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பெயர் சொல்லி அழும் பாட்டு அது. பாடியவர் சம்மதித்தார், இறந்தவரின் மகளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்னோட்ட நாளில் அந்தப் பெண் வந்து நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அன்று இரவே அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ஒப்பாரியைத் தொடுவதானால், பாட்டில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் உரிய வீட்டில் முன்கூட்டியே கேளுங்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை நினைவுகூரும் டிசம்பர் 26 அன்று ஒலிவாங்கியை வெளியே எடுக்கவே எடுக்காதீர்கள்.

பணம் கொடுப்பதில் தயங்க வேண்டாம். ஒருவர் பாதி நாள் உங்களோடு உட்கார்ந்தால் ஒரு முழுநாள் கூலியைக் கொடுங்கள். நான் பதினொரு பேருக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன்.

4. பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் மேற்குக் காற்று அடிக்கும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கே காரணம் அந்தக் காற்றுதான். எந்த உறையைப் போட்டாலும் ஒலிவாங்கியில் அது புகுந்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பதிவுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான், அதிலும் விடியலுக்கு முன்பிருந்து காலை எட்டு மணி வரை. கச்சான் கடலின் ஓசையும் உங்களுக்கு வேண்டும் என்றால், ஜூலையில் இரண்டே நாள் தனியாக வந்து, ஒரு வீட்டுத் திண்ணைக்குள்ளிருந்தோ படகின் மறைவிலிருந்தோ பதிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று வெளியூர் நண்பர்கள் எண்ணுகிறார்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்கானது. இந்தக் கரையில் பெரும்பாலும் நாட்டுப்படகுகளே என்பதால் தொழில் நடந்துகொண்டுதான் இருக்கும். திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். ஊரே கூடியிருந்தாலும் உங்களிடம் பேச யாருக்கும் நேரம் இருக்காது, ஒலிபெருக்கியும் ஓயாது.

5. பதிவு

கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும். நான் வாங்கியது 24,000 ரூபாய். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் இரட்டைத் தடத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். 64 ஜிபி அட்டைகள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் வேறொரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். காற்றுத் தடுப்பு ரோம உறையைக் கடையில் வாங்காமல், நீள ரோமத் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தேன். மொத்தம் 450 ரூபாய். கருவியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வசதி இருந்தால் கரையில் நிற்கும்போது அதைப் போட்டுவிடுங்கள். வள்ளத்து எஞ்சினின் அடிமுழக்கம் வேண்டும்போது மட்டும் எடுத்துவிடலாம்.

கடலுக்குள் போய்ப் பதிவு செய்ய எல்லோருக்கும் ஆசை வரும். மீனவர்களுக்கு அடையாள அட்டையும் படகுகளுக்குப் பதிவும் உண்டு. பரிசோதனை நடந்தால் அட்டை இல்லாத நீங்கள் படகில் இருப்பது படகுக்காரருக்குத் தொல்லை. அதனால் கருவியை அவரிடமே கொடுத்து அனுப்புங்கள். நீர்புகாப் பையில் போட்டு, பொத்தானை அழுத்துவது எப்படி என்று மட்டும் காட்டுங்கள். என் நிறுவலிலேயே சிறந்த பதிவு அப்படி வந்ததுதான்: எஞ்சினை நிறுத்திய பிறகு இருவர் வலையை இழுக்கும் மூச்சும், படகின் பக்கத்தில் நீர் தட்டும் ஓசையும், இடையிடையே நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்கள் பேசிக்கொள்ளும் இரண்டொரு சொல்லும். நான் கூட இருந்திருந்தால் அவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

எங்கோ ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு உங்கள் பதிவுக்குள் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு கோப்பையும் தலையணி ஒலிப்பானில் முழுமையாகக் கேளுங்கள். அது வேறொருவரின் பதிப்புரிமை. மீன் ஏலக் கூடத்தில் எடுத்த நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடத்தை நான் இதனால் எறிய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கோப்புக்கும் அன்றே பெயரிடுங்கள்: ஊர், நாள், நேரம், காற்று.

ஆலய மணி, பாங்கு, கோயில் மணி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி நல்லிணக்கம் என்று ஒலிக்கவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உவரிக் கரையில் கப்பல் வடிவ மாதா ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. அங்கே வருகிறவர்களில் பனங்காட்டு மக்களும் உண்டு, கரையோர மக்களும் உண்டு. இந்த உறவு மணியோசையில் இருப்பதைவிடக் கருவாடும் கருப்பட்டியும் கைமாறும் சந்தைப் பேச்சில் நிறைய இருக்கிறது. அந்தப் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

6. பதிவானவர்களிடமே முதலில் கேட்கக் கொடுங்கள்

இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு பெரியவர் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிந்த கண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் தலையணி ஒலிப்பானை மாட்டி, அவருடைய ஊர்க் கடல் என்று சொல்லி ஒரு பதிவைப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்துவிட்டார். “தம்பி, இது நம்ம கடல் இல்லல்லா. இது கல்லுல அடிக்கி. நம்ம கடல் மணல்ல ஏறி, இழுத்துட்டுப் போவும்.” வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். அது பக்கத்து ஊரில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் பாறைகள்மேல் அமர்ந்து எடுத்த பதிவு. கோப்புக்கு நான்தான் ஊர்ப் பெயரை மாற்றி இட்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு எல்லாக் கடல் பதிவுகளையும் அவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டினேன். 26இல் மூன்று தவறாகப் பெயரிடப்பட்டிருந்தன.

7. இடத் தேர்வு

கடலின் ஓசையைக் கடலுக்குப் பக்கத்தில் ஒலிக்கவிடாதீர்கள். அலை ஓங்கும் கரையில் கடலே 65, 70 டெசிபல் இருக்கும். உங்கள் சிறு ஒலிபெருக்கி அதில் கரைந்துபோகும், அதை மீறும்படி கூட்டினால் சட்டம் தடுக்கும். கடலைப் பனங்காட்டுக்குக் கொண்டுபோங்கள். காற்றில் பனையோலை உரசும் ஓசை, பாளை சீவும் அரிவாளின் சத்தம், பதநீர் காய்ச்சும் தாழியின் கொதிப்பு ஆகியவற்றைக் கரையூருக்குக் கொண்டுவந்து ஒரு கூடத்துக்குள் ஒலிக்கவிடுங்கள். சில கல் தொலைவில், தலைமுறைகளாகக் கொடுத்து வாங்கி வாழ்கிற இரு ஊர்கள், ஒன்றின் வேலையை மற்றொன்று காதால் கேட்கட்டும். என் நிறுவலில் மக்கள் நெடுநேரம் உட்கார்ந்தது இந்த இடமாற்றத்தால்தான் என்று நம்புகிறேன்.

குரோவாசியாவின் சாதர் நகரில் கடலலையே 35 குழாய்களை இசைக்கும்படி 2005ஆம் ஆண்டில் கட்டிய கடல் ஆர்கனைப் பார்த்துவிட்டு, அதுபோல் இங்கேயும் கட்டலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தனி ஒருவரால் இங்கே முடியாது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பின்படி ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரையும், மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் 50 மீட்டர் வரையும் கட்டுமானம் கூடாத பகுதி. சிமென்ட் கலக்காமல், குழி தோண்டாமல், ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக அமைப்பதே நல்லது.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் இடம் பார்க்கும்போதே அளந்துகொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் பள்ளிக் கூடத்தைக் கேட்டு வாங்கிவிட்டு அனுமதிக்குத் திணறியவர்களை எனக்குத் தெரியும்.

8. காவல்துறை அனுமதி

எத்தனை சிறிய ஒலிபெருக்கியானாலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றி நினைக்கவே வேண்டாம், பெட்டி வகை மட்டும் வையுங்கள்.

மனுவோடு இவற்றை இணையுங்கள்: இடத்துக்காரரின் ஆட்சேபனை இல்லாக் கடிதம், ஊராட்சித் தலைவரின் கடிதம், ஆதார் நகல், ஒலிபெருக்கிகள் நிற்கும் இடங்களைக் காட்டும் கைவரைபடம், ஒவ்வொன்றின் வாட் அளவு, நாளும் நேரமும். “கலை நிகழ்ச்சி” என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மேடை, கூட்டம், பந்தோபஸ்து என்று கேள்விகள் வளரும். “ஒலிக் கண்காட்சி, மேடை இல்லை, ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்” என்று எழுதிய பிறகே என் மனு நகர்ந்தது. எனக்கு 19 நாள் ஆயிற்று; நீங்கள் ஒரு மாதம் முன்பாகவே கொடுத்து, முத்திரையிட்ட பெறுகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. மின்சாரம், பானை, உப்பு

ஜெனரேட்டர் வைத்தால் உங்கள் நிறுவலில் ஜெனரேட்டரைத் தவிர வேறெதுவும் கேட்காது. ஆறு சிறு ஒலிபெருக்கிகளும் அவற்றை இயக்கும் கருவிகளும் சேர்ந்து 60 வாட் எடுத்தால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு 360 வாட்மணி போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட்மணி இருக்கும். அதில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் இரண்டு நாள் தாங்கும். இரண்டு பேட்டரிகளை வாடகைக்கு எடுத்து மாற்றி மாற்றிச் சார்ஜ் போடுங்கள்.

ஒலிபெருக்கிகளை நான் மண்பானைக்குள் வைத்தேன். காருகுறிச்சிப் பானைகள் எட்டு வாங்கினேன், வண்டியில் இரண்டு உடைந்தன. வைக்கோல் போட்டு அடுக்குங்கள். வாங்கும் முன் ஒவ்வொரு பானையின் வாயருகே உரக்க ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பானையின் வயிறு தனக்கென ஒரு சுருதியில் முழங்கும். பெரிய பானைக்குள் பேச்சுக் குரல் குழம்பிப்போயிற்று, கடலும் எஞ்சினும் நிறைந்து ஒலித்தன. குரல்களுக்குச் சிறிய, வாயகன்ற பானைதான் சரி. கேட்பவர் உட்காரப் பத்தமடைக் கோரைப்பாய் விரித்தோம்.

உப்புக் காற்று செம்பு முனைகளை ஒரே வாரத்தில் பச்சையாக்கிவிடும். இணைப்பு முனைகளை நாடாவால் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய டப்பாக்களில் வையுங்கள். தினமும் இரவில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள்.

10. செலவு

எனக்கு மொத்தம் 99,450 ரூபாய் ஆயிற்று. பதிவுக் கருவி, தலையணி ஒலிப்பான், உறை, அட்டைகள் எல்லாம் சேர்த்து 29,850. ஒலிபெருக்கி, இயக்கும் கருவி, கம்பி ஆகியவற்றுக்கு 32,200. பாடியவர்களுக்கும் பேசியவர்களுக்கும் 11,000. பதினான்கு பயணங்களுக்கும் சாப்பாட்டுக்கும் 12,600. பானை 2,000. பேட்டரி வாடகை 4,000. இரண்டு இடத்திலும் ஐந்து இரவு காவலுக்கு 6,000. மீதி தேநீரும் நகலெடுப்பும். கருவிகளை இரவல் வாங்கினால் பாதியாகக் குறையும். ஆட்களுக்குக் கொடுப்பதைக் குறைக்காதீர்கள். பெங்களூரில் உள்ள கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை போன்றவை நிதி நல்கை தருவதுண்டு. ஆனால் விண்ணப்பத்திலிருந்து பணம் வரும்வரை பல மாதம் ஆகும் என்பதால் ஜனவரிப் பதிவுக்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே எழுதத் தொடங்குங்கள்.

11. கழற்றும் நாள்

அனுமதி முடியும் நாளின் மறுநாள் நண்பகலுக்குள் இடம் காலியாகியிருக்க வேண்டும். ஒரு கம்பித் துண்டுகூட மணலில் கிடக்கக் கூடாது, வலையில் சிக்கும், காலில் குத்தும். பதிவுகளின் நகலைப் பத்து நாளுக்குள் ஊர்க் கமிட்டிக்கு ஒன்றும், பாடிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பதிவு மட்டும் உள்ள ஒன்றுமாகக் கொடுங்கள். பென் டிரைவ் பலருக்குப் பயன்படாது, கைபேசிக்கே அனுப்பிவிடுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற ஓரிடத்தில் ஒரு படியைக் கொடுக்க எண்ணினால், அதற்கும் சம்மதத் தாளில் முதலிலேயே ஒரு வரி இருந்திருக்க வேண்டும். என் தாளில் அந்த வரி இல்லை. பதினொரு வீடுகளுக்கும் மறுபடி போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் இரண்டு வீடு பாக்கி.